ரப்பர் இல்லாமல் கொழும்பில் ஐந்து நாட்கள்

நவம்பர் 4, செவ்வாய் – வெள்ளவத்தை

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டை முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் பட்டையே நின்றுவிட்டது, என் பெட்டி மட்டும் வரவில்லை. கவுன்டரில் இருந்த பெண் படிவம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு நாளில் வீட்டுக்கே அனுப்பிவிடுவோம் என்றாள். வந்தது ஐந்தாம் நாள்தான்.

சேலையும் மாத்திரையும் எங்கேயும் வாங்கலாம். எனக்கு மனசு ஆறாதது ஓவியப் புத்தகமும் பென்சில் டப்பாவும். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் 26 வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஹெச்பியிலிருந்து 6பி வரை பென்சில்கள், பிசைந்து பிசைந்து அழிக்கும் ரப்பர், நிழல் தேய்க்கும் காகிதக் குச்சி, இவையில்லாமல் வெளியூர் போனதே கிடையாது. வரைந்து பார்த்தால்தான் ஓர் இடம் எனக்கு மனதில் நிற்கும்.

தங்கியது கல்லூரித் தோழியின் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரி, போர்க் காலத்தில் சென்னைக்கு வந்து என்னோடு படித்தவள். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. சன்னலைத் திறந்தால் முதலில் தண்டவாளம், அதற்கடுத்து கடல். ரயில் போகும்போது பீரோவில் கண்ணாடித் தம்ளர்கள் கிலுகிலுக்கின்றன.

சாயங்காலம் மழை விட்ட இடைவெளியில் கடைக்குப் போனேன். நோட்டுக்கு இங்கே கொப்பி, பேனாவுக்குப் பேனை. சித்திரக் கொப்பி தீர்ந்துபோயிருந்தது. கோடு போட்ட கொப்பிதான் கிடைத்தது, பென்சிலும் நல்லதாக இல்லை. சரி, நீலப் பால்பாயின்ட் பேனா ஒன்று கொடுங்கள் என்றேன். கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வட்டம் சுழித்துப் பார்த்து, அது திக்கியதும் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். பெட்டி தொலைந்த கதையைத் தோழி சொன்னதும் இன்னொரு பேனாவையும் சேர்த்து வைத்தார். "இதையும் வச்சுக்கொள்ளுங்கோ அக்கா, ஒண்டு நிண்டாலும் மற்றது இருக்கும்." அதற்குக் காசு வாங்கவே இல்லை.

இரவு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் வீட்டு இடியப்பம் வெள்ளை, தேங்காய்ப் பால் சர்க்கரையோடு. இங்கே சிவப்பரிசி மா, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுத் தட்டாக. தோழி உரலை இரு கையாலும் அழுத்தி ஒரே சுழற்றில் ஒரு தட்டை முடிப்பாள். நூல் நெருங்கிவிடாமல் இடைவெளி விட்டு விழும், அந்த இடைவெளியில்தான் சொதி போய் உட்காருகிறது. மாவை அள்ளி அமுக்கிவிட்டால் ருசியே வேறாகிவிடும் என்றாள். அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோழியின் மகள் இங்குள்ள பள்ளிப் பொதுத் தேர்வான சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அன்ரி, ஒரு படத்தைக் குடுத்து இதின்ர கருத்து என்ன எண்டு கேட்டா எப்பிடி எழுதிறது?"

என் பிள்ளைகளுக்குச் சொல்வதையே சொன்னேன். படத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது, அதிலிருந்து என்ன தெரிகிறது, இந்த மூன்றையும் எழுது. அவள் வரிசையாக எழுதிக்கொண்டாள். 26 வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்.

நவம்பர் 5, புதன் – பொரளை

இன்று போயா. பௌர்ணமி இங்கே விடுமுறை நாள், தெருவெல்லாம் வெள்ளை உடுப்பு. தோழியின் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு பொரளையில் உள்ள கோதமி விகாரைக்குப் போனேன். இலங்கை ஓவியர் ஜார்ஜ் கீட் 1939–40ல் அங்கே சுவர் முழுக்கத் தீட்டியிருக்கிறார். புத்தகத்தில் தபால்தலை அளவுக்குப் பார்த்ததோடு சரி, நேரில் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

வாசலில் பூ வாங்க மறந்துவிட்டேன். முன்னால் போன வயதான சிங்களப் பெண்மணி என் வெறுங்கையைப் பார்த்தார். தன் தட்டில் இருந்த பூவில் பாதியை எடுத்து என் கையில் வைத்தார். ஈழத்தலரி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதைத் தோளைத் தொட்டே சொல்லிக் கூட்டிப் போனார்.

சுவரில் புத்தரின் வாழ்க்கை. பிறந்தது முதல் வரும் கதை எல்லோருக்கும் தெரியும். கண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கோடு. ஆள் உயர உருவங்கள். நெற்றியில் புறப்படும் கோடு மூக்கு, தாடை, கழுத்து, தோள் என்று மூச்சு விடாமல் இறங்குகிறது. கன்னத்தை உருட்டிக் காட்டும் நிழல் கிடையாது. வண்ணம் தட்டையாக நிற்கிறது, கனமெல்லாம் கோட்டின் வளைவில் இருக்கிறது.

கீட் 1901ல் கண்டியில் பிறந்த பறங்கியர், அதாவது ஐரோப்பிய வழிவந்த இலங்கையர். பௌத்தத்தில் மனம் போய்ச் சிங்களமும் பாலியும் கற்றவர். ஜெயதேவரின் கீத கோவிந்தத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். பிக்காசோவின் ஓவியங்களையும் நன்றாக உள்வாங்கியவர். அஜந்தாவும் சிகிரியாவும் ஒரு பக்கம், பாரிஸ் ஒரு பக்கம், இரண்டும் ஒரே கோட்டில் ஓடுகின்றன.

ஒரு தூண் ஓரமாக நின்று கொப்பியில் வரைந்தேன். முதல் படம் பாழ். பென்சில் பழக்கத்தில் கை சின்னச் சின்னக் கோடாகக் கீறிப் பார்க்கிறது. அது ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, அழிக்கவும் வழியில்லாமல், புத்தரின் தோள் முள்வேலி மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து கையை ஓட்டினேன். எங்கே போய் முடியும் என்பதைத் தொடங்கும்போதே தீர்மானித்தால்தான் கோடு நிற்கிறது. அப்புறம்தான் சுவரை மறுபடி பார்த்தேன். அந்த உருவங்களின் அமைதி முகபாவத்தால் வந்ததாக இதுவரை நினைத்திருந்தேன். முகங்களில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. தயங்காத கோடுதான் அமைதியாகத் தெரிகிறது.

வெளியே வந்து எதிரே ஒரு கடையில் பிளேன்டீ குடித்தேன், 50 ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது. கல்லாவுக்கு மேல் காலண்டரில் ஒரு புத்தர். கன்னத்தில் ரோஜா நிறம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், இமை மயிர் வரை தீட்டிய படம். நம் வீட்டுச் சரஸ்வதி, லட்சுமி காலண்டர்களின் வம்சம், ரவிவர்மா வழி வந்த கை. அதே கதை, அதே மனிதர். இந்தப் புத்தர் நம்மைப் பார்த்து இரக்கப்படுகிறார். சுவரில் இருப்பவர் நம்மைப் பார்ப்பதே இல்லை. கடைக்காரர் காலண்டருக்கு ஊதுபத்தி காட்டிக் கும்பிட்டார், அந்தப் படத்துக்கு அது பொருத்தம். இரண்டில் எது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நேற்று அந்தப் பெண்ணுக்குச் சொன்ன மூன்று கேள்விக்கும் இரண்டு படத்துக்கும் ஒரே பதில்தான் வரும். அது என்னை வழி முழுக்க உறுத்திக்கொண்டே வந்தது.

நவம்பர் 6, வியாழன் – கறுவாத்தோட்டம்

இரண்டு நாள் ஆகிவிட்டது, பெட்டி வரவில்லை. தொலைபேசியில் பாட்டு மட்டும் கேட்கிறது.

தேசிய அருங்காட்சியகம். 1877ல் திறந்த வெள்ளை மாளிகை, முன்னால் பெரிய ஆலமரம், அதன் அடியில் வெள்ளைச் சீருடைப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், கொஞ்சம் அதிகம்தான். உள்ளே போனதும் அந்த வருத்தம் போய்விட்டது.

நான் தேடி வந்தது பொலன்னறுவைச் சிலைகளை. அந்தப் பழைய தலைநகரின் சிவன் கோயில் இடிபாடுகளில் தோண்டி எடுத்தவை. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1914லேயே இந்த அருங்காட்சியகத்து உலோகச் சிலைகளைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். நடராசர் இருக்கிறார், அம்மன் இருக்கிறார், சுந்தரர் இருக்கிறார். ஆனால் என்னை நகரவிடாமல் செய்தவர் காரைக்கால் அம்மையார்.

அழகு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவர் அவர். எலும்பெடுத்த மார்பு, வற்றிய முலை, ஒட்டிய வயிறு, கையில் தாளம். கதையை மட்டும் கேட்டால் பயங்கரமான உருவம் என்றுதான் தோன்றும். இங்கே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பயம் வருவதில்லை. நெடுநேரம் நின்று ஏன் என்று யோசித்தேன்.

சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் பிள்ளைகளோடு ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறேன். தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில்தான் முதலில் உருவம். நகைகளுக்கு மெழுகை நூலாக உருட்டி ஒட்டுவார்கள். மேலே காவிரி வண்டலைப் பூசிக் காய வைத்து, சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண்ணை உடைத்தால் சிலை. ஒரு கரு ஒரு சிலைக்குத்தான். இப்போது உலோகம் வந்த பிறகு உளியால் நிறைய வேலை நடக்கிறது, அதனால் விளிம்புகள் கூர்மையாக நிற்கின்றன. பழைய சிலைகளில் பெரும்பகுதி வேலை மெழுகிலேயே முடிந்துவிட்டது என்பார் அந்த ஸ்தபதி. விரல் சூட்டில் இளகும் பொருள், அதனால் அங்கே எதுவும் கூர்மையாக முடிவதில்லை.

அம்மையாரின் விலா எலும்புகள் அப்படித்தான். உளியால் தோண்டிய பள்ளமாக இருந்திருந்தால் அது பஞ்சத்தில் அடிபட்ட உடம்பு. இவை மெழுகு நூலை வைத்து விரலால் அழுத்திவிட்ட மாதிரி மேலெழுந்து, இரண்டு பக்கமும் மெல்ல வழிகின்றன. ஒரு தாயின் வயிற்றில் இருக்கும் பிரசவ வரி மாதிரி. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மெலிந்த உடம்பைச் செய்தவர் அதைத் தடவிக் கொடுத்துச் செய்திருக்கிறார். அன்பு என்று தனியாக அங்கே எதையும் காட்டவில்லை. கை வேலை செய்த விதத்திலேயே அது இருக்கிறது.

இதைக் கொப்பியில் வரைய முடியவில்லை. பால்பாயின்ட் உளி மாதிரித்தான் நடந்துகொள்கிறது. கடைசியில் பேனாவின் மூடியால் தாளில் அழுத்தித் தழும்பு போட்டு, அதன் மேல் பேனாவைச் சாய்த்து லேசாகத் தேய்த்தேன். தழும்பு வெள்ளையாக எழுந்து வந்தது. பக்கத்தில் நின்று பார்த்த பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் கொப்பியிலும் அதேபோலச் செய்ய ஆரம்பித்தாள். அவள் ஆசிரியை வந்து இழுத்துப் போகும்வரை இருவரும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றோம்.

அதே கட்டிடத்தில், காலி நகரில் 1911ல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பொருட்கள் ஏறக்குறைய ஒரே பட்டியல். ஆனால் ஒவ்வொரு மொழியும் தன் தெய்வத்தை அழைத்துப் பேசுகிறது. எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து ஒன்றுதான். அறுநூறு வருடத்துக்கு முன்னால் சீனக் கப்பலில் வந்த கல்லில் 'நாயனார்' என்ற சொல் இருக்கிறது என்று நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

மதியம் சாப்பாட்டுப் பார்சல் வாங்கி மரத்தடியில் சாப்பிட்டேன். பருப்பு, பீர்க்கங்காய், கருவாட்டுப் பொரியல், மேலே ஓர் அப்பளம். திரும்பும்போது பக்கத்தில் இருக்கும் லயனல் வென்ட் அரங்கை எட்டிப் பார்த்தேன். வென்ட் புகைப்படக்காரர், பியானோக் கலைஞர், 1944ல் காலமானவர். 1943 ஆகஸ்டில் கீட்டும் நண்பர்களும் '43 குழு என்ற ஓவியர் அமைப்பைத் தொடங்கியது அவருடைய வீட்டில்தான், அந்த இடத்தில்தான் இப்போது அரங்கம் நிற்கிறது. படத்தை இருட்டறையில் கழுவும்போது பாதியில் விளக்கைப் போட்டு அணைக்கும் உத்தி அவருக்குப் பிடித்தமானது. வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் திரும்பி, உடம்பின் ஓரத்தில் தானாக ஒரு கோடு விழும். ஒரு சாதாரண மீனவனின் தோள் அதில் கனவில் வருவது போல ஆகிவிடும். விளக்கைப் போட்ட அந்த நொடிதான் அதன் பொருள். அதைச் சொல்லாமல் 'ஒரு மனிதன் நிற்கிறான்' என்று எழுதினால் அந்தப் படத்தைப் பார்த்ததாகவே ஆகாது.

த்ரீவீல்காரர் 600 கேட்டார், கொடுத்தேன். இறங்கும்போது மீட்டரைப் பார்த்து, வழி கிட்டத்தான், 450 போதும் என்று மீதியைத் திருப்பினார்.

நவம்பர் 7, வெள்ளி – கொச்சிக்கடை, புறக்கோட்டை, திரும்ப வெள்ளவத்தை

காலையில் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள், எங்கள் நகரத்தார் கட்டியவை. ஆடி வேல் இங்கிருந்துதான் புறப்படும். கோபுரம் முழுக்கச் சுதை உருவங்கள், புது வண்ணம். எங்கள் ஊர்த் தெருவில் நிற்பது போலவே இருந்தது.

அங்கிருந்து கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு நடந்தேன். 1857ல் பொன்னம்பல முதலியார் தொடங்கியது. அவர் மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதையும் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். உள்ளே கல் கல்லாகவே இருக்கிறது, வண்ணம் கிடையாது. வெளி வெயிலிலிருந்து வந்ததும் சில நிமிடம் எதுவும் தெரியவில்லை. கண் பழகப் பழகத் தூணில் ஒரு யாளி, அப்புறம் அதன் பல், அப்புறம் வாய்க்குள் உருண்டை.

கதிரேசன் கோபுரத்து முருகன் தெருவில் போகிறவனைத் தானே கூப்பிடுகிறான், மயில் நீலம், சேலை பச்சை, எல்லாம் தூரத்திலிருந்தே தெரிகிறது. இங்கே கல் எதையும் தூரத்தில் சொல்வதில்லை. விளக்கு எரியும் இடத்துக்கு நாமே போக வேண்டியிருக்கிறது. கை தானாக நீண்டு தொடுகிறது. குரல் தானாகத் தாழ்கிறது. அங்கே நின்ற அரை மணி நேரத்தில் ஒருவரும் உரக்கப் பேசிக் கேட்கவில்லை.

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை வெளியே நின்றுதான் பார்த்தேன், ஜும்மா நேரம். 1908ல் தொடங்கியது. ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பவர் கட்டிடக்கலை படிக்காமலே வடிவமைத்தது, தென்னிந்திய வியாபாரிகள் காட்டிய படங்களை வைத்து. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு, வளைவு, சுருள். எங்கே சுவர் முடிகிறது என்று கண் தவிக்கிறது. அதற்குள் கொட்டத் தொடங்கிய மழையில் செருப்பு அறுந்தது. பக்கத்துத் துணிக்கடைப் பையன் ஒரு நூல்கண்டு கொடுத்து, அவனே கட்டியும் விட்டான்.

நனைந்த சேலையோடு 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் ஒதுங்கினேன். 1942ல் தொடங்கிய சங்கம். வாசிப்பு மேசையில் மட்டக்களப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார். என் கொப்பியைப் பார்த்துவிட்டு, "படம் கீறுறீங்களா புள்ள?" என்று தொடங்கியவர் ஒன்றரை மணி நேரம் கூத்தைப் பற்றிப் பேசினார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே இந்தப் பயணம் என்று இப்போது தோன்றுகிறது.

மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு. மோடி என்றால் பாணி. வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகள். கரப்பு என்ற வளையக் கூட்டை வைத்துக் கட்டிய கனத்த உடுப்பு, பெரிய முடி, ஆட்டம் விறுவிறுப்பு. தென்மோடியில் உடுப்பு இலகு, ஆட்டத்தில் நுணுக்கம் அதிகம், காதல் கதைகள் நிறைய, பாட்டை இழுத்து இழுத்துப் பாட இடம் உண்டு. இதெல்லாம் நான் படித்ததுதான். ராசா கதை என்றால் கனமான உடுப்பு, அவ்வளவுதானே என்று கேட்டேன்.

"இல்ல புள்ள, நீங்க தலைகீழாச் சொல்றீங்க" என்றார். முழங்கால் வலியால் எழுந்து ஆட முடியாது. அதனால் இடது கையால் மேசையில் மத்தளம் தட்டிக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலையும் காலாக்கி, அந்த மேசையிலேயே ஒரு ராசாவை ஆட வைத்தார். முதலில் வடமோடி வரவு. விரல்கள் அகன்று, மேசையை மிதித்து, பாதி தூரம் போய் நின்று, திரும்பி, மறுபடி மிதித்தன. "உடுப்புப் பாரம். அதத் தூக்கிக்கொண்டு ஆடக்குள்ள கால் அகலுது, தரை அதிருது. அதுக்குப் பொறகுதான் சனம் ராசா எண்டு நம்பும்." அடுத்து தென்மோடி. அதே விரல்கள் நெருங்கின. சின்னச் சின்ன அடி, வளைந்து ஒரு சுற்று, நடுவில் ஒரு குழைவு. "இவனும் ராசாதான். ஆனா இவனுக்கு மனசுக்குள்ள ஒண்டு இருக்கு. அதப் பாட்டில சொல்லோணும், அதுக்கு உடம்பு இலகுவா இருக்கோணும்."

இரண்டு விரல், ஒரு மேசை. முகம் இல்லை, உடுப்பு இல்லை, கதையும் சொல்லவில்லை. ஒருவன் போருக்குப் போகிறான் என்பதும் ஒருவன் காதலில் இருக்கிறான் என்பதும் எனக்குத் தெரிந்தது. நூலகத்துப் பெண் சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் புத்தக அடுக்கை விட்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவர்களை வைத்துக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்ததை அவர் இளைஞராக இருந்து பார்த்திருக்கிறார். விடிய விடிய வட்டக்களரியில், சுற்றிவரச் சனம் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தை, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கியது. "களரியில ராசாட முதுகும் ஆடோணும். மேடையில முதுகு தேவையில்ல" என்றார். அதில் கவலையா பெருமையா என்று பிரிக்க முடியவில்லை. நிறைய இளைஞர்கள் கூத்துக்கு வந்தது அந்த மேடையால்தான் என்பதையும் அவரே சொன்னார். ஆனால் முதுகு போனதை அவர் மறக்கவில்லை.

இரவு கொத்து ரொட்டி, 900 ரூபாய், இருவருக்குத் தாராளம். கல்லில் கொத்தும் இரும்புத் தகட்டின் சத்தம் காலி வீதி வரை கேட்டது. அதிலும் தாளம் தேடத் தொடங்கிவிட்டது என் காது.

நவம்பர் 8, சனி – கொள்ளுப்பிட்டி

கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு, பகத்தலே வீதி 33ஆம் ஒழுங்கை, 11ஆம் எண். வழக்கறிஞராக இருந்து பிறகு கட்டிடக்கலை படித்தவர் (1919–2003), இலங்கையின் நாடாளுமன்றம் அவர் வடிவமைத்தது. 1950களின் கடைசியில் ஒழுங்கை முடிவில் ஒரு சின்ன வீட்டில் தொடங்கி, பத்து வருடத்தில் வரிசையில் இருந்த நான்கையும் வாங்கி ஒன்றாக்கினார். முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் வழிகாட்டியோடு போக வேண்டும்.

வாசலில் அவருடைய பழைய ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. உள்ளே நீண்ட வெள்ளை நடை. இருட்டாகப் போய், தூரத்தில் மேலிருந்து வெளிச்சம் விழும் ஒரு சின்ன முற்றத்தில் திரும்புகிறது. எங்கள் செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். வீட்டுக்காரனின் செல்வம் அந்த ஒரு பார்வையிலேயே வந்தவனுக்குத் தெரிந்துவிட வேண்டும். இங்கே எங்கு நின்றாலும் வீடு முழுசாகத் தெரிவதில்லை. ஒரு மூலை, ஒரு கிளை, அடுத்த வெளிச்சம், அவ்வளவுதான். நான்கு சின்ன வீடுகளின் இடம் எவ்வளவு என்று கணக்குப் போடவே மனம் மறந்துபோகிறது.

ஒரு முற்றத்தின் ஓரத்தில் நிமிர்ந்து பார்த்தேன், செட்டிநாட்டுத் தூண்கள். எங்கிருந்து வந்தவை என்று வழிகாட்டிப் பையன் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் ஐயா வீட்டைப் பங்காளிகள் பிரித்தபோது எனக்கு 28 வயது. தூண்களைப் படுக்க வைத்து, சாக்பீஸால் எண் போட்டு, காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் தெருவுக்கு லாரியில் ஏற்றினார்கள். அந்தத் தெருவில் தூண்கள் வாசலில் கிடப்பதைப் பார்க்க முடியாமல் நான் சுற்றுவழியில் பள்ளிக்குப் போவேன். இங்கே நிற்பவை எங்களுடையவை இல்லை, பாவா எப்போதோ வாங்கி வைத்தவை. இருந்தாலும் கால் நகரவில்லை.

எங்கள் வீட்டில் தூண் வரிசையில் நிற்கும். ஒன்றைத் தனியாக யாரும் பார்க்க மாட்டோம். கல்யாணத்துக்கு வாழை கட்டுவோம், பிள்ளைகள் சுற்றி ஓடும், முதுகைச் சாய்ப்போம். அங்கே அது கூரையைத் தாங்குகிறது, வரிசையாக நின்று இந்த வீட்டில் ஆள்கட்டு உண்டு என்று சொல்கிறது. இங்கே சுற்றிலும் வெறும் வெள்ளைச் சுவர், பக்கத்தில் ஒரு செடி, மேலிருந்து விழும் மழை வெளிச்சம். அதே தூண், அதே தச்சனின் கை. இப்போது அது ஒரு வயதான மனிதர் தனியாக நிற்பது போல் நிற்கிறது. இத்தனை வருடம் தூணில் சாய்ந்திருந்தும் அதன் தலையில் உள்ள போதிகையின் வளைவை நான் பார்த்ததே இல்லை, இங்கேதான் பார்த்தேன். கோபமும் வந்தது, நன்றியும் வந்தது. எதையும் வரையவில்லை. வழிகாட்டிப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது காலிமுகத்திடலில் இறங்கி இறால் வடை வாங்கினேன். காற்று, பட்டம், அலை, குடும்பம் குடும்பமாகச் சனம். வெங்காயமும் மிளகாய்ச் சாறும் காகிதத்தில் ஊறிக் கொப்பியில் ஒரு பக்கம் கறையாகிவிட்டது.

வீட்டில் என் பெட்டி நடுக்கூடத்தில் நின்றது. பூட்டு உடையவில்லை, எல்லாம் இருந்தது. தோழி அடுப்படியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் உட்கார்ந்து என் இரண்டாவது பேனாவால் அம்மாவை வரைந்துகொண்டிருந்தாள். முதல் நாள் நான் சொன்னதை அடித்துவிடு, பரீட்சையில் படத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கு என்று அவளிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். கொப்பியை எட்டிப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஒரே கோடு, திக்காமல். உரலைப் பிடித்த முன்கையில் மட்டும் கோடு நடுங்கி நடுங்கி இறங்கியிருந்தது. பேனா நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. கடைசி மாவை அமத்தேக்க அம்மான்ர கை இப்பிடித்தான் நடுங்கும், பாருங்கோ."

பார்த்தேன். தோழி உரலைத் திருப்பி, பல்லைக் கடித்து, கடைசித் தட்டுக்கு அழுத்தினாள்.